ஊர், தேதி, ஆள்: சேலம் மாவட்ட வாட்ஸ்அப் குழு அட்மின்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள அட்மின்களுக்கு, வணக்கம்.

செவ்வாய்ப்பேட்டை வெள்ளிப் பட்டறைக் குழு, அம்மாபேட்டை தெருக் குழு, அஸ்தம்பட்டி அடுக்குமாடிக் குழு, பள்ளிப் பெற்றோர் குழு, நாகலூர் ஊர்க் குழு, ஏற்காடு எஸ்டேட் குழு என்று நம் மாவட்டத்தில் குழு இல்லாத தெருவே இல்லை. அதில் ஒன்றையோ நாலைந்தையோ கூலி வாங்காமல் நடத்துகிறவர்கள் நீங்கள். தண்ணீர் எப்போது வரும், கரண்ட் எப்போது போகும், யார் வீட்டில் துக்கம் என்பதெல்லாம் இன்று உங்கள் வழியாகத்தான் வீடு சேர்கிறது. பேப்பர் வாங்காத வீட்டிலும் உங்கள் குழு திறந்திருக்கிறது. அதனால்தான் இந்த மடலைக் கலெக்டருக்கோ கம்பெனிக்கோ எழுதாமல் உங்களுக்கு எழுதுகிறேன்.

கேட்பது ஒன்றே ஒன்று. ஊர், தேதி, ஆள் என்ற மூன்றும் இல்லாத செய்தியை உங்கள் குழுவில் நிற்க விடாதீர்கள். எங்கே நடந்தது, எந்தத் தேதியில் நடந்தது, நேரில் பார்த்தவரோ பொறுப்பேற்பவரோ யார் என்பது செய்திக்குள்ளேயே இருக்க வேண்டும். இல்லையென்றால் போட்டவரிடம் கேளுங்கள், பதில் வராவிட்டால் எடுத்துவிடுங்கள்.

இதை இவ்வளவு வற்புறுத்தக் காரணம் ஃபார்வர்ட் வேலை செய்யும் விதம். ஒரு செய்தியை ஃபார்வர்ட் செய்தால் முதலில் எழுதியவர் பெயரும், எழுதிய தேதியும் கூடப் போவதில்லை. வந்து சேர்ந்த நேரம் மட்டும்தான் திரையில் தெரியும். "இன்று மாலை" என்று மூன்று வருடத்துக்கு முன் எழுதியது, இன்று காலை உங்கள் குழுவுக்கு வந்தால் இன்றைய மாலையாகவே படிக்கப்படும். யாரும் பொய் சொல்ல வேண்டிய அவசியம்கூட இல்லை, பழைய உண்மையே பொய்யாகிவிடுகிறது.

அடையாளத்துக்கு வாட்ஸ்அப் ஒரு அம்புக்குறி போடுகிறது. ஒற்றை அம்பு என்றால் யாரோ அனுப்பியதைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். இரட்டை அம்பு என்றால் அந்தச் செய்தி குறைந்தது ஐந்து கை மாறி வந்திருக்கிறது. 2018இல் இந்தியாவில் ஒரே நேரத்தில் ஐந்து பேருக்கு மேல் ஃபார்வர்ட் செய்ய முடியாதபடி கட்டுப்பாடு வந்தது. 2020 ஏப்ரலில் இருந்து இரட்டை அம்பு விழுந்த செய்தியை ஒரு தடவைக்கு ஒரே ஒரு இடத்துக்குத்தான் அனுப்ப முடியும். ஆனால் அம்பு இல்லை என்பதால் சரக்கு புதிது என்று முடிவு கட்டிவிட வேண்டாம். எழுத்தைக் காப்பி எடுத்து ஒட்டினால் அம்பு போய்விடும். ஸ்க்ரீன்ஷாட் எடுத்தாலும் போய்விடும். வீடியோவை கேலரியில் சேமித்து மறுபடி ஏற்றினாலும் அப்படியே. அம்பைப் பார்ப்பதைவிட மூன்று கேள்வி கேட்பது நம்பகமானது.

நம் ஊர் விஷயத்துக்கு வருகிறேன். மேட்டூர் அணையில் உபரி நீர் திறக்கும்போதெல்லாம் 16 கண் மதகு வழியாக வெள்ளம் சீறும் வீடியோ எல்லாக் குழுக்களிலும் வரும். அணை 2018இலும் நிரம்பியது, 2022இலும் 2024இலும் நிரம்பியது. அதே மதகு, அதே பாலம், அதே நுரை. எந்த வருடத்து வீடியோ என்று பார்த்தவுடன் சொல்ல எவராலும் முடியாது. வேடிக்கை பார்ப்பவருக்கு இது பெரிய விஷயமில்லை. பூலாம்பட்டிக் கரையில் பரிசலும் படகும் வைத்திருப்பவருக்கும், ஆற்றோரம் மாடு கட்டியிருப்பவருக்கும், மறுகரைக்கு நெரிஞ்சிப்பேட்டை போக வேண்டியவருக்கும் அது பெரிய விஷயம். பழைய வீடியோவைப் பார்த்து இரண்டு தடவை சாமான் சட்டியைத் தூக்கிக்கொண்டு மேடேறியவர், மூன்றாம் தடவை உண்மையான எச்சரிக்கை வரும்போது அசைய மாட்டார். பொய்ச் செய்தியால் வரும் நஷ்டத்தில் இதுதான் பெரியது.

ஆகவே அணைச் செய்தி என்றால் நான்கு எண்கள் வேண்டும்: தேதி, நேரம், நீர்மட்டம் அடியில், வெளியேற்றம் கன அடியில். முழு நீர்மட்டம் 120 அடி, முழுக் கொள்ளளவு 93.47 டி.எம்.சி. என்பது எல்லோருக்கும் தெரிந்ததுதான். அணையின் நீர்மட்டத்தையும் வினாடிக்கு எத்தனை கன அடி வெளியேறுகிறது என்பதையும் குழப்பி எழுதுகிறவர்கள் நிறையப் பேர், அதையும் கவனியுங்கள். சந்தேகம் வந்தால் மாவட்டப் பேரிடர் கட்டுப்பாட்டு அறையின் 1077 எண்ணுக்கு ஒரு போன் போதும். வீடியோ மட்டும் வந்து எண் எதுவும் இல்லையென்றால் எடுத்துவிடுங்கள்.

ஏற்காட்டுக் குழுக்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகச் சொல்ல வேண்டியிருக்கிறது. 2024 டிசம்பரில் ஃபெஞ்சல் புயல் மழைக்கு மலைப்பாதையில் மண் சரிந்ததைப் பார்த்தோம். அந்த மாதிரி நேரத்தில் "ஏற்காடு ரோடு மூடியாச்சு" என்று ஒரு வரி போடுவது யாருக்கும் உதவாது. மேலே போக அடிவாரம் வழி ஒன்று, குப்பனூர் வழி ஒன்று. அடிவாரம் வழியில் 20 கொண்டை ஊசி வளைவுகள். எந்த வழி, எத்தனையாவது வளைவுக்குப் பக்கத்தில், கார் போகுமா, பைக் போகுமா, பஸ் நிறுத்தமா, தகவல் எத்தனை மணிக்கு என்று எழுதினால்தான் அது செய்தி. உதாரணத்துக்கு இப்படி எழுதலாம்: "தேதி இன்னது, காலை 7.10. அடிவாரம் பாதை, 9ஆவது வளைவு தாண்டி மரம் விழுந்திருக்கு. பைக் மட்டும் போகுது. குப்பனூர் பாதையில் போக்குவரத்து இருக்கு. நேரில் பார்த்தவர்: குழு உறுப்பினர் இன்னார்." சரியானதும் அதே ஆள் "மரம் எடுத்தாச்சு, 10.40" என்று மறுபடி போட வேண்டும். பாதை அடைத்ததை ஊரே சொல்லும், திறந்ததைச் சொல்ல ஆள் இருக்காது. அதற்கு ஒரு ஆளை முன்கூட்டியே பொறுப்பாக்குங்கள்.

மலையில் இன்னொரு சிக்கல் சிக்னல். வெள்ளக்கடை, மாரமங்கலம் பக்கம் வீட்டில் ஒரு மாதிரி, தோட்டத்தில் ஒரு மாதிரி. காலையில் அனுப்பிய செய்தி, ஆள் சிக்னல் கிடைக்கும் மேட்டுக்கு வரும்போது மதியத்தில்தான் இறங்கும். "இப்போ காட்டெருமை தோட்டத்துக்குள்ள நிக்குது" என்பதில் "இப்போ" என்ற சொல்லை நம்பி எந்தப் பிரயோஜனமும் இல்லை. மணியை எழுத்திலேயே போட வேண்டும். பெரிய வீடியோவுக்கு முன்னால் இரண்டு வரி எழுத்து போக வேண்டும், எழுத்துதான் மெலிந்த சிக்னலிலும் போய்ச் சேரும். காட்டெருமை, சிறுத்தை வீடியோக்களில் பல வால்பாறையிலோ ஊட்டியிலோ எடுத்தது. வண்டி நம்பர் தெரிந்தால் பாருங்கள். நம் பக்கம் டி.என். 30, 54, 90, மேட்டூருக்கு 93, ஆத்தூருக்கு 77. கடைப் பலகை, பஸ்ஸின் வழித்தடப் பலகை, பின்னால் தெரியும் மரம் எல்லாம் சொல்லும். டீத் தோட்டம் தெரிந்தால் யோசியுங்கள், சேர்வராயன் மலையில் பெரும்பாலும் காப்பியும் மிளகும்தான்.

எதுவும் பிடிபடாவிட்டால் வீடியோவை ஓரிடத்தில் நிறுத்தி ஸ்க்ரீன்ஷாட் எடுத்து, கூகுள் லென்ஸில் போடுங்கள். இதற்கு முன் அந்தக் காட்சி எங்கேயாவது வந்திருந்தால் அந்தப் பழைய பதிவு அகப்படலாம். முகம் இருக்கும் காட்சியைவிடக் கட்டடமோ பலகையோ இருக்கும் காட்சிக்கு நல்ல பலன் கிடைக்கும். ஒரு காட்சிக்கு வரவில்லையென்றால் வேறு இரண்டு காட்சிகளைப் போட்டுப் பாருங்கள். எதுவுமே வராததால் வீடியோ உண்மை என்று ஆகிவிடாது, அதையும் நினைவில் வையுங்கள்.

இரத்தம் வேண்டும் என்ற செய்தி எல்லோரும் நல்ல மனதோடு தள்ளிவிடுவது. அரசு மோகன் குமாரமங்கலம் மருத்துவமனையில் ஓ நெகட்டிவ் அவசரம் என்று வரும். எந்த நாள் என்று இருக்காது. நோயாளி குணமாகி வீடு போன பிறகும் அந்தக் குடும்பத்துக்கு மாதக் கணக்கில் போன் வந்துகொண்டே இருக்கும், கடைசியில் நம்பரையே மாற்றிவிடுவார்கள். இதற்கும் அதே மூன்றுதான்: மருத்துவமனையும் வார்டும், தேதியும் எத்தனை மணி வரை தேவை என்பதும், கூட இருப்பவர் பெயரும் எண்ணும். அட்மின் ஒரு தடவை அந்த எண்ணுக்குப் பேசிவிட்டுப் போட்டால் போதும். தேவை முடிந்ததும் அழித்துவிட வேண்டும். அடுத்தவர் போன் நம்பர் அது, நம் குழுவில் கிடக்க வேண்டிய பொருள் இல்லை.

ஜவ்வரிசியைப் பற்றியும் சொல்லியாக வேண்டும். மரவள்ளியை நம்பி வாழும் மாவட்டம் இது, 2023இல் சேலம் ஜவ்வரிசிக்குப் புவிசார் குறியீடும் கிடைத்தது. "பிளாஸ்டிக் ஜவ்வரிசி, வேகவைத்தால் கண்ணாடி மாதிரி ஆகிறது பாருங்கள்" என்று வீடியோ வந்தால் நம் ஊர்க்காரரே அதைப் பரப்புவது வேதனை. மரவள்ளி மாவு சூட்டில் தண்ணீரை உறிஞ்சி வீங்கும்போது கண்ணாடிபோல் தெளியும், அது மாவின் இயல்பு. வேகாத ஜவ்வரிசி வெள்ளையாக இருக்கும், வெந்தது தெளிந்திருக்கும். கலப்படம் என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால், பாக்கெட்டின் பேட்ச் எண்ணோடும் வாங்கிய ரசீதோடும் உணவுப் பாதுகாப்புத் துறைக்குப் போக வேண்டும். அங்கே மாதிரி எடுத்துப் பரிசோதிப்பார்கள். குழுவில் போட்டால் நாசமாவது ஒட்டுமொத்த விவசாயியின் விலைதான்.

இனி உயிர் போகிற விஷயம். 2018 மே மாதம் பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருக்கிறார்கள் என்ற வதந்தி வட தமிழ்நாடு முழுக்கச் சுற்றியது. திருவண்ணாமலை மாவட்டத்தில், கோயிலுக்கு வந்த ஒரு மூதாட்டியை ஊர்க்கூட்டம் அடித்தே கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்ததுதான் அவர் செய்தது. அந்த ஆண்டு நாடெங்கும் சுற்றிய பைக் கடத்தல் வீடியோ பாகிஸ்தானில் கராச்சியில் எடுத்த ஒரு விழிப்புணர்வுப் படம். கடைசியில் குழந்தையைத் திருப்பிக் கொண்டுவந்து விட்டுவிட்டு எச்சரிக்கைப் பலகை காட்டும் பகுதியை வெட்டிவிட்டு அனுப்பினார்கள். 2023 மார்ச்சில் வட மாநிலத் தொழிலாளர்களைத் தமிழ்நாட்டில் தாக்குகிறார்கள் என்று சம்பந்தமில்லாத வீடியோக்கள் பரவி, பல ஊர்களில் தொழிலாளர்கள் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். சேலத்தில் கட்டட வேலையிலும் பட்டறையிலும் எத்தனை பேர் அவர்கள் என்பது உங்களுக்கே தெரியும்.

இந்த வகைச் செய்திக்கு மட்டும் "விசாரித்துச் சொல்கிறேன்" என்று காத்திருக்க வேண்டாம். முதலில் எடுங்கள், பிறகு விசாரியுங்கள். யாராவது ஒரு ஆளின் போட்டோவைப் போட்டு "இவன் திருடன், பார்த்தால் பிடியுங்கள்" என்றாலும் அப்படியே. குழந்தை உண்மையிலேயே காணாமல் போயிருந்தால் குழந்தைகள் உதவி எண் 1098, உடனே காவல் துறைக்கு 100 அல்லது 112. அட்மின் கணக்கில் அந்தச் செய்தியின் மேல் விரலை அழுத்திப் பிடித்தால் டெலீட் வரும், அதில் எல்லோருக்கும் அழிப்பது என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். இரண்டு நாள் சொச்சம் கடந்துவிட்டால் அந்த வசதி போய்விடும். ஏற்கெனவே இறக்கிச் சேமித்தவர்கள் போனில் வீடியோ அப்படியே இருக்கக்கூடும். அதனால் அழித்தால் மட்டும் போதாது, அழித்த இடத்தில் இரண்டு வரி எழுதுங்கள்: "தேதி இன்னது. நம் பகுதியில் குழந்தை கடத்தல் என்று வந்த வீடியோ பழையது, நம் ஊரில் எடுத்ததில்லை. காவல் நிலையத்தில் கேட்டோம், புகார் எதுவும் இல்லை." கேட்டிருந்தால் மட்டுமே கேட்டோம் என்று எழுத வேண்டும். மறுப்பிலும் தேதி கட்டாயம், மறுப்பும் ஃபார்வர்ட் ஆகும். பொய் வீடியோவை மறுபடி ஒட்டிக் காட்ட வேண்டாம், மறுப்பைப் படிக்காமல் வீடியோவை மட்டும் எடுத்துக்கொள்வார்கள்.

பணம் பறிக்கும் செய்திகள் வேறு ரகம். ஆள் தெரியாதவரிடமிருந்து வந்த காலம் போய்விட்டது, இப்போது நம் மாமா, நம் பக்கத்து வீட்டு அண்ணி பெயரிலேயே வருகிறது. கல்யாணப் பத்திரிகை, ஆர்.டி.ஓ. சலான், விவசாயி உதவித்தொகைப் பட்டியல் என்று ஒரு ஃபைல் வரும். பெயரின் கடைசியில் ஏ.பி.கே. என்று ஆங்கில எழுத்து மூன்று இருந்தால் அது பத்திரிகை இல்லை, செயலி. பத்திரிகை என்றால் படமாகவோ பி.டி.எஃப். ஆகவோதான் வரும். அந்தச் செயலியைப் போட்டால் எஸ்.எம்.எஸ். படிக்க அனுமதி கேட்கும், சில சமயம் ஆக்சஸிபிலிட்டி அனுமதியும் கேட்கும். முதல் அனுமதியில் ஓ.டி.பி. போகும், இரண்டாவதில் திரையே அவர்கள் கைக்குப் போய்விடும். பிறகு அந்த ஆளின் வாட்ஸ்அப்பையே பிடித்து, அவர் இருக்கும் எல்லாக் குழுவுக்கும் அதே ஃபைலை அனுப்பும். தெரிந்தவர் பெயரில் வருவதன் ரகசியம் இதுதான்.

குழுவில் ஏ.பி.கே. கண்டால் உடனே அழியுங்கள், அனுப்பியவரைக் குழுவிலிருந்து தற்காலிகமாக நீக்குங்கள், அவருக்கு வாட்ஸ்அப்பில் இல்லாமல் சாதாரண போன் செய்து சொல்லுங்கள். வாட்ஸ்அப்பில் கேட்டால் "நான்தான் அனுப்பினேன், திறங்க" என்று மோசடிக்காரனே பதில் சொல்லுவான். செயலியைப் போட்டுவிட்டவர் செய்ய வேண்டியது: முதலில் போனை ஃப்ளைட் மோடில் வைத்து, வைஃபையும் அணைந்திருக்கிறதா என்று பார்ப்பது. செயலியைத் தேடி அழிப்பதில் நேரத்தை ஓட்டுகிறார்கள், பல செயலிகள் ஐகானை மறைத்துக்கொள்ளும், அதற்குள் பணம் போய்விடும். அடுத்தவர் போனில் இருந்து சைபர் குற்ற உதவி எண்ணான 1930க்கும் வங்கிக்கும் பேச வேண்டும். பணம் போயிருந்தால் வங்கிக் கணக்கு எண், தொகை, நேரம், யு.பி.ஐ. பரிமாற்றத்தின் 12 இலக்க எண் கையில் இருக்கட்டும். திருடிய பணம் சில நிமிடங்களில் கணக்கு கணக்காகத் தாவும், எந்தக் கணக்கில் நிற்கிறதோ அங்கே முடக்கினால்தான் மீளும். நாளைக் காலை பார்த்துக்கொள்ளலாம் என்றால் நிற்காது. பிறகு தேசிய சைபர் குற்றப் புகார் தளத்தில் பதிவு செய்து எண் வாங்கிக்கொள்ள வேண்டும். போட்டோக்களை வேறு இடத்தில் சேமித்து, போனை ஃபேக்டரி ரீசெட் செய்து, எல்லா ரகசிய எண்களையும் மாற்றிய பிறகுதான் அந்த போனில் மறுபடி பணப் பரிமாற்றம். வாட்ஸ்அப்பில் லிங்க்டு டிவைசஸ் பகுதியில் தெரியாத கருவி இருந்தால் வெளியேற்ற வேண்டும். போன் செட்டிங்ஸில் கால் ஃபார்வர்டிங் ஏதாவது வேறு நம்பருக்குத் திருப்பப்பட்டிருக்கிறதா என்றும் பார்க்க வேண்டும்.

இதையெல்லாம் முன்கூட்டித் தடுக்க எளிய வழி உண்டு. செட்டிங்ஸில் தெரியாத செயலிகளை நிறுவும் அனுமதி என்று ஒரு பட்டியல் இருக்கும், அதில் வாட்ஸ்அப்புக்கு நேரே உள்ளதை அணைத்துவிட்டால் அங்கிருந்து ஏ.பி.கே. ஏறாது. வாட்ஸ்அப் கணக்குப் பகுதியில் இரண்டடுக்குச் சரிபார்ப்பை இயக்கி ஆறு இலக்க எண் வைத்துக்கொண்டால், ஓ.டி.பி. ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு கணக்கைப் பிடிக்க முடியாது. குழுவில் வயதானவர்களுக்கு இதை வீட்டுப் பிள்ளைகளே பத்து நிமிடத்தில் செய்து கொடுக்கலாம். முதலில் அட்மின்கள் தங்கள் போனில் செய்துகொள்ள வேண்டும். அட்மின் கணக்கே போனால் குழு முழுக்கப் போனது மாதிரிதான்.

குழு அமைப்பில் இரண்டு மூன்று மாற்றம் போதும். 200 பேருக்கு மேல் இருந்தால் அறிவிப்புக்கு ஒரு குழு, அரட்டைக்கு ஒரு குழு என்று பிரியுங்கள். அறிவிப்புக் குழுவில் அட்மின் மட்டும் பதிவிடும்படி அனுமதியை மாற்றுங்கள். புதியவர் சேர அட்மின் ஒப்புதல் தேவை என்பதை இயக்குங்கள். அழைப்பு லிங்க் எங்காவது வெளியே போயிருந்தால் ரீசெட் செய்யுங்கள், பழைய லிங்க் செத்துவிடும். அட்மின் குறைந்தது மூன்று பேர் இருக்க வேண்டும், அதில் ஒருவராவது பெண். பெண்களின் நம்பர் 300 பேருக்குத் தெரிவதால் வரும் தொல்லையை அவர்கள் ஆண் அட்மினிடம் சொல்ல மாட்டார்கள். பள்ளிக் குழுக்களில் மற்றவர் பிள்ளையின் போட்டோவைப் பெற்றவர் சம்மதம் இல்லாமல் போட விடாதீர்கள்.

கடினமானது இதெல்லாம் இல்லை, பெரியவர்களைத் திருத்துவதுதான் கடினம். பெரியப்பா போட்டதை எல்லோர் முன்னாலும் "பொய்" என்றால் அவர் விட்டுக்கொடுக்க மாட்டார், அடுத்த நாள் இன்னும் நாலு போடுவார். தனியாகப் பேசுங்கள். "பெரியப்பா, அந்த வீடியோ ரெண்டு வருஷம் முன்னாடி வந்ததுங்க. நீங்களே எடுத்துட்டீங்கன்னா நல்லாருக்கும்ங்க" என்றால் எடுத்துவிடுவார். அவரே எடுத்தால் அவர் மரியாதையும் நிற்கும், குழுவுக்கு ஒரு நல்ல பழக்கமும் வரும். தொடர்ந்து போடுகிறவரிடம் வேலையைக் கொடுங்கள்: "உங்க பக்கத்துச் செய்தி எல்லாம் நீங்க விசாரிச்சுப் போடுங்க மாமா." விசாரிக்கும் பொறுப்பு வந்தபின் கண்டதையும் தள்ள மாட்டார்.

உறுப்பினர் போட்டதற்கு அட்மின் சிறை போவாரா என்ற பயம் உங்களில் பலருக்கு உண்டு. பம்பாய் உயர் நீதிமன்றத்தின் நாக்பூர் அமர்வு 2021இலும், கேரள உயர் நீதிமன்றம் 2022இலும், அட்மினாக இருப்பதால் மட்டுமே உறுப்பினர் பதிவுக்குக் குற்றப் பொறுப்பு வராது என்று சொல்லியிருக்கின்றன. அதற்காக, தெரிந்தும் சும்மா இருக்கலாம் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள் என்று உரிமையோடு கேட்கிறேன். மற்றவர் போட்டதை அழிக்கும் பொத்தான் அந்தக் குழுவில் உங்கள் கையில் மட்டும்தான் இருக்கிறது.

குழுவின் விவரப் பகுதியில் இன்றே இதை ஒட்டிவிடுங்கள்: "ஊர், தேதி, நேரம், சொல்பவர் பெயர் இல்லாத செய்தி எடுக்கப்படும். ஏ.பி.கே. ஃபைல் திறக்க வேண்டாம். பண மோசடி 1930. வெள்ளம், மண்சரிவு 1077. குழந்தை 1098. ஆம்புலன்ஸ் 108." ஏற்காட்டுக் குழுக்கள் கூடவே அடிவாரத்தில் ஒருவர், குப்பனூரில் ஒருவர், மேலே ஒண்டிக்கடைப் பக்கம் ஒருவர் என்று பாதை நிலவரம் சொல்லும் மூன்று பேர் யார் என்பதை அவர்கள் சம்மதத்தோடு எழுதி வைக்கவும்.

இப்படிக்கு,
செல்போன் சர்வீஸ் தொழிலில் இருக்கும் ஒரு சேலத்துக்காரன்